கியர் உரசின தோல் சப்பாத்தை வீட்டிலேயே சரிப்படுத்துவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிற யாருடைய சப்பாத்தையும் பாருங்கள். வலது கால் புதிதுபோல இருக்கும், இடது காலில் பெருவிரலுக்கு மேலே மட்டும் கறுப்பாக ஒரு தேய்ப்பு இருக்கும், கியரை மேலே தூக்கும்போது லீவர் ரப்பர் உரசுகிற இடம் அதுதான். போதாததற்கு கலியாண மண்டப வாசலில் கழற்றி விட்டதை நாலு பேர் மிதித்துப் போன கீறல்களும் சேரும். இதற்காகப் புதுச் சோடி வாங்கத் தேவையில்லை. ஆனால் கறுப்புப் பொலிஷை எடுத்து உடனே அப்பவும் வேண்டாம்.

முதலில், அது தோல்தானா என்று பாருங்கள். லேஸைக் கழற்றிவிட்டு நாக்கின் ஓரத்தைப் புரட்டினால் தெரியும். வெட்டின விளிம்பில் நார் நாராக இருந்தால் தோல். துணிக்கு மேலே பிளாஸ்ரிக் படலம் ஒட்டினதுபோல இருந்தால் ரெக்சின், அது உரியத் தொடங்கிவிட்டால் நிறம் பூசிக் கொஞ்ச நாள் மறைக்கலாம், அவ்வளவுதான். மேற்பரப்பு சொரசொரவென்று பஞ்சுபோல இருக்கும் சுவேட் சப்பாத்துக்கு இங்கே சொல்லும் எதையும் செய்யாதீர்கள்.

துடைப்பு

பிறஸால் தூசியைத் தட்டி, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் வேண்டாம், அதன் காரம் தோலில் இருக்கும் எண்ணெயை இழுத்துவிடும். பிறகு நிழலில் காயட்டும். எங்கள் ஊர் வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும்தான், தோலும் சேர்ந்து விறைத்து மடிப்புகளில் வெடிக்கும்.

காய்ந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை அழிறப்பரை எடுத்து அந்தக் கறுப்புத் தேய்ப்பில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். பாதிக்கு மேல் போய்விடக்கூடும், ஏனென்றால் அதில் கனக்க உங்கள் தோலின் காயமே இல்லை, லீவரின் ரப்பர் வந்து ஒட்டினது. மிஞ்சி இருப்பதுதான் உண்மையான கீறல்.

இப்போது நகத்தை அதற்குக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடக்காமல் போனால் மேல் நிறம் மட்டும்தான் போயிருக்கிறது. தடக்கினால் ஆழமான கீறல். இந்த இரண்டுக்கும் வேலை வேறு வேறு.

நகம் தடக்காத கீறல்

இதற்குக் கிறீம் பொலிஷ் போதும். தகர டப்பாவில் வரும் மெழுகுப் பொலிஷ் பளபளப்புக்கும் தண்ணீர் தாங்குவதற்கும், போத்தலில் குழைவாக வரும் கிறீம்தான் நிறத்தையும் எண்ணெய்ப் பசையையும் தோலுக்குத் திருப்பிக் கொடுக்கும். மண்ணிறச் சப்பாத்து என்றால் அதைவிட ஒரு படி வெளிறின நிறமாக வாங்குங்கள், நிறம் போதாவிட்டால் இன்னொரு முறை பூசலாம், கூடிப்போனால் எடுப்பது பெரிய பாடு. நாக்கின் உட்பக்கத்தில் முதலில் ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பது நல்லது. பழைய பெனியன் துணியை விரலில் சுற்றி, பயறளவு கிறீம் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, பத்து நிமிடம் விட்டுப் பிறஸ் போடுங்கள். பஞ்சு முனையோடு வரும் திரவப் பொலிஷ் எனக்குப் பிடிப்பதில்லை; அவசரத்துக்கு மின்னும், ஆனால் மேலே படலமாகக் காய்ந்து, நடக்க நடக்க அந்தப் படலமே வெடிக்கும்.

நகம் தடக்குகிற கீறல்

இங்கே கிறீமோ எண்ணெயோ முதலில் பூசக் கூடாது, பிசுக்கு இருந்தால் அதற்கு மேல் எதுவும் ஒட்டாது. பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு, கீறின இடத்தை மட்டும் துடையுங்கள், அது பழைய பொலிஷைக் கழற்றும், அழுத்தித் தேய்த்தால் நல்ல நிறத்தையும் கழற்றும்.

தோல் செதிள்போலக் கிளம்பி நின்றால் வெட்டி எறியாமல், ஈர்க்கின் நுனியால் அடியில் சப்பாத்துப் பசை துளி வைத்து அமத்திவிடுங்கள். சுப்பர் குளூ காய்ந்தால் கண்ணாடிபோல விறைத்து, கால் மடங்கும் இடத்தில் நொருங்கும். பசை காய்ந்ததும் 600ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரால் லேசாக, ஒரே பக்கமாக நீவுங்கள். விரலுக்குச் சொரசொரப்புத் தெரியாவிட்டால் போதும்.

பள்ளம் மிச்சம் இருந்தால் தோலுக்கென்று விற்கும் ஃபில்லர் வேண்டும். இங்கே கடையில் கிடைக்காவிட்டால் ஒன்லைனில் எடுப்பிக்கலாம். காலாவதியான வங்கி அட்டையின் விளிம்பால் மெல்லிசாக வழித்து, காயவிட்டு, திரும்பவும் வழியுங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும், பிறகு அமுங்கிவிடும். கடைசியாக ஒருமுறை சாண்ட் பேப்பர்.

அப்புறம் நிறம். தோலுக்கான அக்ரிலிக் பெயின்ற்றைச் சின்ன ஸ்பொஞ்சுத் துண்டில் தொட்டு, முதலில் ஒரு கடதாசியில் ஒற்றி, அதில் மிஞ்சினதை மட்டும் சப்பாத்தில் ஒற்றுங்கள். இழுத்துப் பூசினால் கோடு விழும். கீறலின் எல்லையைத் தாண்டிச் சுற்றிவர மங்கலாக ஒற்றினால்தான் திட்டுத் தெரியாது. கறுப்புச் சப்பாத்துக்காரர் கொடுத்துவைத்தவர்கள், இந்தக் கவலை அவர்களுக்குக் குறைவு.

ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு, மெழுகுப் பொலிஷ் மெல்லிசாகப் பூசிப் பிறஸ் போட்டு, காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று கேட்பார்கள். பூசின இடம் கறுக்கும், மெழுகுப் பொலிஷும் ஒழுங்காகப் பிடிக்காது. வேண்டாம்.

மாரியில் அலுமாரிக்குள் பூட்டி வைத்த சப்பாத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்தால், வினாகிரியும் தண்ணீரும் சம அளவாகக் கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, உள்ளே பேப்பர் திணித்துக் காற்றாட வையுங்கள்.

கால் மடங்கும் இடத்தில் தோல் ஊடறுத்து வெடித்திருந்தாலோ, அடி வாய் பிளந்திருந்தாலோ ஃபில்லர் நிற்காது. அது சப்பாத்துத் தைப்பவரின் கைக்குப் போக வேண்டிய வேலை. பொலிஷ் போடாமல் கொண்டுபோய்க் கொடுங்கள், பசை பிடிக்க அவருக்கும் சுகம்.