விபத்தில் வந்தவரின் பிரஷரை நம்பி ஏமாறாதீர்கள்

மட்டக்களப்பில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புது இன்டேர்ன் (பயிற்சி) டொக்டர்மார் வந்து சேரும் ஒவ்வொரு தடவையும் முதல் மாதத்தில் என்னென்ன நடக்கும் என்று எங்களுக்கு அநேகமாகத் தெரியும். கல்முனை வீதியில் சறுக்கிய மோட்டார் சைக்கிள், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் குடைசாய்ந்த உழவு இயந்திரம், தென்னையிலிருந்து விழுந்தவர், வெல்லாவெளிப் பக்கம் யானை அடித்தவர் என்று வருகிற ஆள்தான் மாறுவார், தவறு மாறாது. அந்த வயதில் நாங்களும் அதையேதான் செய்தோம், அதனால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். கையுறை போடுங்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளை மட்டும் ஒவ்வொரு தலைப்பாகச் சொல்கிறேன்.

பிரஷர் நன்றாக இருக்கிறது என்று ஆறுதல்படுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

பெரும்போக அறுவடை நேரம். நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி கவிழ்ந்து, இருபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பியை இடுப்புக்குக் கீழே நசித்துவிட்டது. கூட்டாளிகள் ஓட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பெயர் சொன்னார், ஊர் சொன்னார், அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். பிரஷர் 112க்கு 84. சீட்டில் ‘நிலைமை சீர்’ என்று எழுதியாயிற்று. வளைந்து போயிருந்த காலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். "தண்ணி கொஞ்சம் தாங்க மிஸ்" என்று அவர் இரண்டு தரம் கேட்டதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. காலுக்கு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்கள். என்னைக் கூப்பிட்டபோது தம்பி எக்ஸ்ரே மேசையில் பேச்சில்லாமல் கிடந்தார். பிரஷர் 60. இடுப்பெலும்பு உடைந்து உள்ளே இரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆள் பிழைத்தது ஒப்பரேஷன் தியேட்டர்காரர்களின் திறமை. எனக்கு ஆத்திரம் அந்தச் சீட்டின் மேல்தான். பிரஷருக்குப் பக்கத்திலேயே நாடித்துடிப்பு 128 என்று யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். எழுதியதை யாரும் வாசிக்கவில்லை.

70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லீட்டர் இரத்தம் இருக்கிறது. அதில் 15 வீதம் போனால் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. 15 முதல் 30 வீதம் போகும்போது நாடி 100ஐத் தாண்டும், மூச்சு வேகப்படும், பிரஷரின் கீழ் இலக்கம் ஏறி மேல் இலக்கத்தை நெருங்கும். ஆனால் மேல் இலக்கம் அப்படியே நிற்கும். அது இறங்கத் தொடங்கும்போது ஒன்றரை லீட்டர் அளவில் போய்விட்டிருக்கும். அதுவரை உடம்பு தோலுக்கும் குடலுக்கும் போகிற இரத்தத்தைச் சுருக்கி மூளைக்கும் இருதயத்துக்கும் அனுப்பிச் சமாளிக்கிறது. கை குளிர்வதும் மேலுதட்டில் வியர்ப்பதும் தாகம் எடுப்பதும் அதனால்தான். இளவயதுக்காரர் குளக்கட்டு மாதிரி, கடைசிவரை தாங்கிவிட்டு ஒரேயடியாக உடைவார். பிள்ளைகள் இன்னும் மோசம்.

வயதானவர் கதை வேறு. இருதயத்துடிப்பைக் குறைக்கும் பிரஷர் குளிசை போடுகிறவருக்கு நாடி ஏறவே ஏறாது. வழக்கமாக 160இல் இருக்கிற அப்பாவுக்கு 110 என்றால் அது நல்ல செய்தியா? கூட வந்த மகளிடம் என்ன குளிசை போடுகிறார் என்று கேளுங்கள். கைப்பையிலேயே கிளினிக் கொப்பி இருக்கும்.

ஆகவே மெஷினைக் கட்டுவதற்கு முன் கையைப் பிடியுங்கள். குளிர்ந்திருக்கிறதா, மணிக்கட்டில் நாடி எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். நகத்தை அழுத்தி விடுங்கள், நிறம் திரும்ப 2 செக்கனுக்கு மேல் எடுத்தால் சந்தேகப்படுங்கள். நம் ஆட்களின் தோலில் வெளிறல் உடனே தெரியாது, கீழ் இமையை இழுத்துப் பார்க்க வேண்டும். நாடித்துடிப்பைப் பிரஷரின் மேல் இலக்கத்தால் வகுங்கள். 0.9ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டியது. அந்தத் தம்பிக்கு 1.1க்கும் மேல். மூச்சையும் உண்மையாகவே எண்ணுங்கள். எல்லாச் சீட்டிலும் 18 என்றே இருக்கிறது, மட்டக்களப்பில் எல்லோரும் ஒரே தாளத்தில்தான் மூச்சு விடுகிறார்கள் போலும்.

அப்புறம் இரத்தம் எங்கே போகிறது என்று தேடுங்கள். வெளியே வழிவது கண்ணுக்குத் தெரியும். அது பீறிட்டால் மூச்சுப்பாதையைப் பார்ப்பதற்கும் முன்னால் அதை அமுக்கி நிறுத்த வேண்டும். தெரியாமல் போகிற இடம் நெஞ்சு, வயிறு, இடுப்பு, தொடை. ஒரு தொடையெலும்பு உடைந்தாலே ஒன்று முதல் ஒன்றரை லீட்டர் உள்ளே தேங்கும். வயிற்றில் வைத்துப் பார்த்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கொஞ்ச நேரத்தில் திரும்ப வையுங்கள். தள்ளாடுகிற ஆளை சி.டி. அறைக்கு அனுப்பிய பிறகு சர்ஜனுக்குச் சொல்வோம் என்று இருக்காதீர்கள். முதலில் சர்ஜனுக்குப் போன் அடியுங்கள்.

இதே தவறுக்கு இரண்டாம் பாகமும் உண்டு. பிரஷர் விழுந்ததும் பயந்து மூன்று லீட்டர் சேலைன் ஓடவிடுவார்கள். மொனிட்டரில் இலக்கம் அழகாக ஏறும், எல்லோரும் மூச்சு விடுவார்கள். சேலைன் ஒட்சிசனையும் சுமக்காது, இரத்தத்தை உறையவும் வைக்காது. மிச்சமிருப்பதையும் ஐதாக்கி, உடம்பைக் குளிரவைத்து, ஒட்டிக்கொண்டிருந்த கட்டியைத் தள்ளிவிடும். வளர்ந்தவருக்கு ஒரு லீட்டருக்கு மேல் யோசிக்க வேண்டும், அதற்குள் இரத்த வங்கிக்குச் சொல்லியாகிவிட வேண்டும். இரத்தக்கசிவை நிறுத்தும்வரை மேல் இலக்கம் 80, 90 இருந்தால் போதும். தலையில் அடிபட்டவருக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அவருக்கு 110க்குக் கீழே போகவிடக்கூடாது.

உறைந்த இரத்தக்கட்டி கரையாமல் காக்கும் டிரனெக்சாமிக் அசிட் பற்றியும் ஒரு வார்த்தை. 2010இல் வெளிவந்த கிராஷ் 2 ஆய்வில் 40 நாடுகளில் 20,000க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் பரிசோதித்துப் பார்த்த மருந்து அது. 1 கிராமைப் 10 நிமிடத்தில் ஏற்றி, அடுத்த 1 கிராமை 8 மணித்தியாலத்தில் ஓடவிட வேண்டும். அடிபட்டு 3 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பயன், பிந்தினால் கெடுதலாகவும் முடியலாம். வாகரையிலிருந்தோ தோணி ஏறித் தாண்டியோ வருகிறவருக்கு அந்த நேரத்தில் பாதி வழியிலேயே போய்விடும். ஆகவே எத்தனை மணிக்கு அடிபட்டது என்பதுதான் கூட வந்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எந்த வாகனம், யார் பிழை என்பதைப் பொலிஸ் கேட்கும்.

இடுப்பை ஆட்டிப் பார்ப்பது

ஒரு தரம்கூட வேண்டாம். படுக்கை விரிப்பையோ சாரத்தையோ மடித்து, தொடையின் வெளிப்பக்கம் எலும்பு முட்டிக்கொண்டிருக்கிற மட்டத்தில் இறுக்கிக் கட்டுங்கள். பெல்ட் கட்டுகிற இடத்தில் கட்டினால் பயனில்லை.

கத்துகிறவரிடம் முதலில் ஓடுவது

கத்துகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. சத்தமில்லாதவரைப் பாருங்கள்.

‘குடித்திருக்கிறார்’

கசிப்பு மணத்தது என்பதற்காக ஒருவரை மூலைக் கட்டிலில் தூங்கவிடுவதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். குடித்தவருக்கும் மண்டைக்குள் இரத்தம் கசியும், அவர்தான் ஹெல்மட்டும் போட்டிருக்க மாட்டார். மயக்கத்துக்குக் காரணம் தலையில் பட்ட அடிதான் என்று வைத்துக்கொண்டே பாருங்கள். சீனி அளவைப் பாருங்கள். சுயநினைவை அளக்க 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜெனட்டும் தந்த அளவுகோல் (முழு நினைவுக்கு 15 புள்ளி) இருக்கிறதே, அதில் எத்தனை என்று எழுதி, அரை மணிக்கொரு தரம் திரும்ப எழுதுங்கள். இரண்டு புள்ளி இறங்கினால் யாரையாவது எழுப்புங்கள். 8க்கு வந்துவிட்டால் மூச்சுப்பாதை இனி உங்கள் பொறுப்பு.

நெஞ்சுக்குள் காற்று அடைபட்டவருக்கு எக்ஸ்ரே கேட்பது

ஒரு பக்கம் மூச்சுச் சத்தம் இல்லை, ஆள் திணறுகிறார், பிரஷர் விழுகிறது என்றால் படம் வரும்வரை அவர் இருக்கமாட்டார். கழுத்து நரம்பு புடைக்கவில்லையே என்று தயங்கவும் வேண்டாம். நிறைய இரத்தம் போனவருக்குப் புடைக்காது. ஊசியை உடனே இறக்குங்கள். வளர்ந்தவருக்கு இடம் இப்போது அக்குளுக்குக் கீழே, அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால், 4ஆம் அல்லது 5ஆம் விலா இடைவெளி. ஏ.டி.எல்.எஸ். என்ற விபத்துச் சிகிச்சைப் பயிற்சியில் 2018இல் மாற்றினார்கள். பிள்ளைகளுக்குப் பழைய இடமேதான், காறையெலும்பின் நடுவுக்கு நேர்கீழே 2ஆம் இடைவெளி.

முதுகைப் பார்க்காமல் விடுவது

திருப்பிப் பாருங்கள். மிருகத்துக்கு வைக்கும் கட்டுத்துவக்கின் சன்னம் முன்னால் மட்டும் நுழையும் என்று ஒரு சட்டமும் இல்லை.

நனைந்த உடுப்போடு காற்றாடிக்குக் கீழே கிடத்துவது

குளிர்ந்த இரத்தம் உறையாது. உடுப்பை வெட்டுங்கள், துடையுங்கள், போர்த்துங்கள்.

அனுப்புவதற்கு முன் எல்லாப் படமும் எடுப்பது

விபத்தில் வந்தவரை மூச்சுப்பாதை, மூச்சு, இரத்தவோட்டம் என்று பார்க்க நாம் பாடமாக்கி வைத்திருக்கும் பயிற்சி ஒரு கிராமத்து விபத்திலிருந்து வந்தது. 1976இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு சிகிச்சை நிபுணர் ஓட்டிவந்த சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்துபோனார், பிள்ளைகள் காயப்பட்டார்கள். அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் தன் பிள்ளைகளைப் பார்த்த விதம்தான் அவரை உலுக்கியது. இரண்டு வருடத்தில் ஏ.டி.எல்.எஸ். பயிற்சியின் முதல் வகுப்பு நடந்தது. சர்ஜன் இல்லாத இடத்தில் வேலை செய்கிறவருக்காகவே உருவானது அது, படுவான்கரை ஆஸ்பத்திரிகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

அங்கேயிருந்து அனுப்புகிறவர்கள் கைக்கும் காலுக்கும் படம் எடுத்து முக்கால் மணித்தியாலத்தைப் போக்க வேண்டாம். எப்படியும் இங்கே திரும்ப எடுப்போம். இரத்தக்கசிவை அமுக்குங்கள், இடுப்பைக் கட்டுங்கள், நாளத்துக்குள் விடும் கனூலாக் குழாய் பெரியதாக இரண்டு போடுங்கள், அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வருவதற்குள் எங்களுக்கு ஒரு போன். அடிபட்ட நேரம், நாடி, பிரஷர், கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் இவ்வளவையும் சொன்னால், ஆள் கல்லடிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் இங்கே இரத்தம் தயாராக இருக்கும்.