ஸ்காட்ஸ்டேலுக்கு கோல்ஃப் ஆடப் போகிறீர்களா? அறையை எங்கே எடுத்தீர்கள்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் ஸ்காட்ஸ்டேலுக்கு கோல்ஃப் ஆடப் போகிறவர்கள் முதலில் மைதானத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு அதன் வாசலிலேயே அறை எடுக்கிறார்கள். நல்ல சாப்பாடு, இரவுக் கேளிக்கை எல்லாம் 'பக்கத்தில்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த ஊர் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. பேர்பெற்ற ட்ரூன் நார்த் மைதானம் வடகோடியில், பினக்கிள் பீக் மலைக்கு அருகில். உணவகங்களும் மதுக்கூடங்களும் நெருக்கியடித்து நிற்கும் ஓல்ட் டவுன், அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தெற்கே. காலையில் தெளிந்த தலையோடு வடக்கே போவது ஒரு சிரமமும் இல்லை. நள்ளிரவுக்கு மேல் அதே தூரத்தைக் கடந்து அறைக்குத் திரும்புவதுதான் சங்கடம். அரிசோனாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதல் முறை பிடிபட்டாலே சிறைத் தண்டனை உண்டு. அதனால் ஓல்ட் டவுனில் தங்கிவிடுங்கள். இரவு அறைக்கு நடந்தே போகலாம். கால் ஒத்துழைக்கவில்லை என்றால் ஓட்டுநர் இல்லாத வேமோ டாக்சிகள் அங்கே ஓடுகின்றன. ஃபீனிக்ஸ் விமான நிலையமும் அங்கிருந்துதான் பக்கம்.

அடுத்த தவறு மாதத்தில். அக்டோபரில் வெயில் தணிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. கோடையில் செழிக்கும் பெர்முடா புல் குளிரில் பழுத்து உறங்கிவிடும். குளிர்காலத்திலும் பச்சை தெரிய வேண்டுமானால் அதன் மேல் ரை புல் விதைக்க வேண்டும். அதற்காக செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை மைதானங்கள் முறைவைத்துச் சில வாரங்கள் மூடுகின்றன. திறந்த பிறகும் இளம்புல் மிதிபடாமல் இருக்க, கோல்ஃப் வண்டியைப் பாதையை விட்டு இறக்க விடமாட்டார்கள். ஒவ்வோர் அடிக்கும் பாதையிலிருந்து பந்துக்கு நடந்து, மீண்டும் பாதைக்கு நடந்து, ஒரு ஆட்டம் ஐந்து மணி நேரத்தை விழுங்கிவிடும். முன்பதிவுக்கு முன் 'விதைப்பு எப்போது?' என்ற ஒரு கேள்வி போதும்.

பிப்ரவரி வேறு விதமான பொறி. டிபிசி ஸ்காட்ஸ்டேல் மைதானத்தில் ஃபீனிக்ஸ் ஓபன் என்ற தொழில்முறை கோல்ஃப் போட்டி நடக்கும் வாரம், 16-ஆவது குழியைச் சுற்றி எழுப்பிய அரங்கில் ஆயிரக்கணக்கானோர் கூச்சலிடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள். நீங்களே ஆட நினைத்தால் வேண்டாம். அது முடிந்ததும் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் 15 பேஸ்பால் அணிகளின் பயிற்சி ஆட்டங்கள். அவற்றில் ஜெயன்ட்ஸ் அணியின் அரங்கம் ஓல்ட் டவுனிலேயே இருக்கிறது. மார்ச் கடைசி வரை அறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் அடிதடிதான். கோடையில் கட்டணம் பாதிக்கும் கீழே இறங்கலாம். ஆனால் 2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. நான் நவம்பர் பிற்பாதிக்கோ ஏப்ரல் பிற்பாதிக்கோதான் ஓட்டுப் போடுவேன்.

கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். டிசம்பரில் மாலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்தால் கடைசிக் குழிகளை இருட்டில் தடவ வேண்டியதுதான். விடியற்காலையே போய்விடலாம் என்றால், உறைபனி கரையும் வரை புல்லில் கால் வைக்க விடாத நாட்களும் உண்டு. மதுக்கூடங்கள் இரவு 2 மணி வரை பரிமாறுகின்றன. அதுவரை உட்கார்ந்துவிட்டு ஏழரை மணி ஆட்டத்துக்குப் போகிறவர் பதினெட்டுக் குழிக்கும் காசு கொடுத்து ஒன்பதுதான் ஆடுகிறார் என்பது என் கருத்து. இரவு விருந்தை முதலில் பதிவு செய்யுங்கள், ஆட்ட நேரத்தை அதற்கேற்ப வையுங்கள். எஃப்என்பி போன்ற உணவகத்தில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அதன் சமையல் தலைவர் சார்லீன் பேட்மன் 2019-இல் அமெரிக்காவின் பேர்பெற்ற சமையல் விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றவர்.

மைதானத்துக்குள் ஒரு தவறு: புல்லும் மரங்களுமாக விரியும் வழக்கமான பார்க்லாந்து மைதானம் போல அடிப்பது. நிலத்தடி நீரைக் காக்கும் விதிகளால் இங்கே புதிய மைதானங்களுக்குப் பாசனப் புல் சுமார் 90 ஏக்கர்தான். அதனால் முதல் அடி அடிக்கும் டீக்கும், பந்து விழ வேண்டிய ஃபேர்வே புல்வெளிக்கும் நடுவே வெறும் பாலைவனம். பல மைதானங்களில் அதைச் சிவப்புக் கோட்டு அபராதப் பகுதியாக ஆடலாம். ஒரு அடி அபராதத்தோடு பந்தை வெளியே போட்டுவிடலாம். முதல் டீக்கு முன் ஸ்கோர் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

வீரம் காட்டிக் கள்ளிக்குப் பக்கத்தில் நின்று அடிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: முள் குத்தாமல் இருக்கக் கள்ளியின் மேல் துண்டைப் போர்த்தினால் விதிமீறல், உங்கள் மேல் போர்த்திக்கொண்டால் தப்பில்லை. 'தாவும் கள்ளி' என்று பேர் வாங்கிய சோய்யா, உரசினாலே ஒரு கணு கழன்று காற்சட்டையில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கைக்கு மாறும். சீப்பின் பற்களை அடியில் கொடுத்து, உடம்புக்கு எதிர்ப்பக்கமாகச் சட்டென்று சுண்டிவிட வேண்டும். பைக்குள் ஒரு சீப்பு இருக்கட்டும். புதருக்கடியில் போன பந்தை எடுக்க மட்டும் கையை விடாதீர்கள். வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை அந்த நிழல் விஷமுள்ள சலங்கைப் பாம்புக்கு (ராட்டில்ஸ்நேக்) சொந்தம்.