கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தம் பட்டால் செய்யக்கூடாதவை

நாள் தள்ளிப்போய், மருந்துக் கடையில் வாங்கிய அட்டையில் இரண்டு கோடுகளும் தெரிந்தபின் உள்ளாடையில் இரத்தம் பட்டால், கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "பப்பாளி சாப்பிட்டாயா, வண்டியில் போனாயா?" என்பதுதான். முதல் மூன்று மாதங்களில் நான்கு கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஒருவருக்கு இரத்தம் படுகிறது; அவர்களில் பலருக்குக் கர்ப்பம் நல்லபடியாகவே தொடர்கிறது. தொடக்கத்தில் கலைந்துபோகும் கருக்களிலும் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். விசாரணைக்கு அஞ்சும் பெண் அடுத்த முறை இரத்தம் பட்டதையே மறைத்துவிடுவாள். அதுதான் உண்மையான கேடு.

இரத்தத்தின் அளவைப் பார்த்து ஆபத்தை எடைபோடுவது இதைவிடப் பெரிய தவறு. கரு கருப்பைக்குள் பதியாமல் கருக்குழாயில் தங்கிவிட்டால், வெளியே தெரிவது சில பழுப்பு நிறத் துளிகளாக மட்டுமே இருக்கலாம். குழாய் வெடித்தாலோ இரத்தம் வயிற்றுக்குள்ளேயே பெருகும். அது வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இடையிலுள்ள தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் தோள்பட்டை நுனியில் வலி எடுக்கும். அதை வாயுப்பிடிப்பு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைச்சுற்றல், மயக்கம், அல்லது ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனையும் அளவு போக்கு இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை போன்ற ஒன்றுக்கு உடனே செல்ல வேண்டும். இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஐந்தாவது வாரத்து ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றவுடன் கரு கலைந்துவிட்டது என முடிவுகட்டுவதும் தவறே. கர்ப்ப ஹார்மோனின் அளவைக் காட்டும் பீட்டா எச்.சி.ஜி. இரத்தப் பரிசோதனையை 48 மணி நேரம் கழித்து மீண்டும் செய்து, அளவு எப்படி மாறுகிறது என்று பார்த்த பிறகே அடுத்த ஸ்கேனை எப்போது எடுப்பது என மருத்துவர் சொல்வார். இரண்டு முறையும் ஒரே ஆய்வகத்தில் கொடுத்தால் ஒப்பிடுவது எளிது. தெரிந்தவருக்கு எழுதிக்கொடுத்த ஹார்மோன் மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்குவது வேண்டாம். படுத்த படுக்கையாகவே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை.

போக்கு நிற்கும்வரை டாம்பான் வைக்காமல் நாப்கினையே பயன்படுத்துவது நல்லது. கட்டியோ சதையோ வந்தால் கழுவிவிடாமல் சுத்தமான டப்பாவில் எடுத்துச் செல்லலாம். இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். கருவின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்பட்டால் வழக்கமாக 72 மணி நேரத்துக்குள் போடப்படும்.