க்ரெஸ்டட் கெக்கோவைச் சூடேற்றிக் கெடுக்காதீர்கள்

தெற்குப் பசிபிக்கின் நியூ கலிடோனியாத் தீவுகளைத் தவிர க்ரெஸ்டட் கெக்கோ என்ற இந்தப் பல்லிக்கு வேறு சொந்த ஊர் கிடையாது. அழிந்தே போனதாகக் கருதப்பட்டு, 1994இல்தான் மறுபடி கண்ணில் பட்டது.

வளர்ப்பவர்கள் சறுக்கும் முதல் இடம் வெப்பம். ஊர்வன என்றாலே சூட்டு விளக்கு வேண்டும் என்று நினைத்து, பாலைவனப் பல்லிக்கான சாமான்களை வாங்கிவிடுகிறார்கள். இதுவோ ஈரக்காட்டில், இரவில் நடமாடும் ஜீவன். 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் போதும். 28ஐத் தாண்டி நீடித்தால் சோர்ந்துபோய்த் தீனியை விடும். 30க்கு மேல் உயிருக்கே ஆபத்து. அறை குளுமையாக இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். மேலே விளக்கு எரியும் கண்ணாடித் தொட்டி அறையைவிடச் சூடாகும். வெப்பமானியைத் தொட்டியின் மேல்பாதியில், அது தூங்கும் உயரத்தில் மாட்டுங்கள்.

அடுத்தது ஈரம். நாள் முழுக்கச் சொதசொதவென்று வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மாலையில் நன்றாகத் தெளித்து 80 சதவீதம் வரை ஏற்றுங்கள். பகலில் 50, 60க்கு இறங்கட்டும். ஒரேயடியாகக் காய்ந்து கிடந்தால், உரியும் தோல் விரலைச் சுற்றி வளையமாக இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரல் நுனி கருகி விழும். தோல் உரித்த மறுநாள் ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். காற்றுத்துளையிட்ட டப்பாவில் ஈர டிஷ்யூ போட்டு 15 நிமிடம் உள்ளே விட்டு, நனைத்த பஞ்சுக்குச்சியால் மெல்ல உருட்டினால் வந்துவிடும்.

வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வீட்டுப் பல்லிக்கு வால் திரும்ப முளைக்கும், இதற்கு முளைக்காது. விழுந்துவிட்டால் பதறவும் வேண்டாம். காட்டில் முழு வளர்ச்சி அடைந்தவற்றில் வாலில்லாதவையே அதிகம். புண் ஆறும்வரை மண்ணை எடுத்துவிட்டு டிஷ்யூ விரித்தால் போதும்.

குழந்தைகளுக்கான பழக்கூழை மட்டும் கொடுத்து வளர்த்தால் கால்சியம் குறைந்து தாடை எலும்பு மென்மையாகும், முதுகு வளையும். இந்தப் பல்லிக்கென்றே விற்கும் தீனி மாவில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து வையுங்கள். மிச்சத்தை 24 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். பூச்சி கொடுத்தால், இரண்டு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக வேண்டாம். கால்சியம் பொடியில் புரட்டியபின் போடுங்கள்.

ஆண்கள் இரண்டை ஒரே தொட்டியில் விடாதீர்கள், கடித்துக்கொள்ளும். பெட்டை 35 கிராமாவது தேறும்வரை இணை சேர்க்காதீர்கள். ஒவ்வோர் ஈட்டிலும் இடும் இரண்டு முட்டைக்கான கால்சியம் அதன் உடம்பிலிருந்துதான் போகிறது.