முதல் கேமரா வாங்கப் போகிறீர்களா? முதலில் கைநழுவிய படங்களை எண்ணுங்கள்

என் முதல் கேமராவை அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த எண்களைப் பார்த்து வாங்கினேன். 20 மெகாபிக்சல், 50 மடங்கு ஜூம். விற்றவர் அந்த இரண்டு எண்களைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், நானும் தலையாட்டினேன். அன்று மாலையே வீட்டுக்குள் விளக்கொளியில் குழந்தைகளைப் படமெடுத்தபோது எல்லா முகங்களும் மணல் தூவியதுபோல் இருந்தன. கேமராவில் பழுது எதுவும் இல்லை. எனக்கு வேண்டியது வேறு, நான் வாங்கியது வேறு. கையில் அளவான பணம் இருக்கிறவர்கள் இந்தத் தவற்றைத் தவிர்க்க, நான் இப்போது பின்பற்றும் வரிசை இதுதான்.

படி 1: பட்டியல் எழுதுங்கள்

உங்கள் செல்பேசியில் எடுக்க முயன்று சரியாக வராமல் போன பத்துப் படங்களை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் அவை நான்கு வகைக்குள் அடங்கிவிடும். வெளிச்சம் போதவில்லை, பறவையோ மேடையில் இருப்பவரோ எட்டாத தூரத்தில் இருந்தார்கள், ஓடுகிற பிள்ளை மங்கலாகப் பதிந்துவிட்டது, முகம் மட்டும் தெளிவாகவும் பின்னணி கரைந்தும் வரவில்லை. எந்த வகை அதிகம் என்று பாருங்கள். அதுதான் உங்கள் கேமராவைத் தீர்மானிக்கும், விளம்பரம் அல்ல.

பட்டியலில் மூன்று படம்கூடச் சேரவில்லை என்றால் பணத்தை அப்படியே வைத்திருங்கள். பகல் வெளிச்சத்தில் அசையாமல் நிற்கும் மனிதர்களுக்கும் இயற்கைக் காட்சிகளுக்கும் செல்பேசியே போதும். இதைச் சொன்னால் சிலர் வருத்தப்படுகிறார்கள். என்ன செய்வது, உண்மை அதுதான்.

படி 2: மெகாபிக்சலை விட்டுவிட்டு சென்சாரின் அளவைக் கேளுங்கள்

படத்தை உருவாக்கும் சிறு புள்ளிதான் பிக்சல்; பத்து லட்சம் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். 4கே தொலைக்காட்சித் திரையை நிரப்ப சுமார் 83 லட்சம் பிக்சல்கள் போதும். ஏ4 தாளில் நேர்த்தியாக அச்சிட ஏறக்குறைய 87 லட்சம் வேண்டும். அதாவது 9 மெகாபிக்சல்கூட முழுதாகத் தேவைப்படவில்லை. பத்தாண்டு பழைய கேமராக்களில்கூட 16 அல்லது 24 மெகாபிக்சல் இருக்கிறது. எனவே இந்த எண்ணை ஒதுக்கிவிடலாம்.

ஒளியை வாங்கும் சென்சார் எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ. தொடக்கநிலை கேமராக்களில் அதிகம் காணப்படும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 × 15.6 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் அதைவிடச் சற்றுச் சிறியது, 17.3 × 13 மி.மீ. நான் வாங்கிய நீள ஜூம் கேமராவில் இருந்ததோ ஏறத்தாழ 6.2 × 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் ஏபிஎஸ்-சி அதைப்போல 13 மடங்கு. மணல் தூவிய முகங்களுக்குக் காரணம் அங்கேதான் இருந்தது.

முதல் கேமராவுக்கு ஏபிஎஸ்-சி அல்லது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்பது என் முடிவு. ஃபுல் ஃபிரேமில் உடலைவிட (லென்ஸ் இல்லாத கேமராவைவிட) லென்ஸ்கள்தான் பணத்தை விழுங்கும்.

படி 3: பணத்தைப் பிரியுங்கள்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மொத்தப் பணத்தையும் உடலில் கொட்டிவிட்டு, கூடவே வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸுடன் நின்றுவிடுகிறார்கள் (இந்த எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது நெருங்கித் தெரியும்). பாதிக்குமேல் உடலுக்குக் கொடுக்காதீர்கள். மீதியில் ஒரு நல்ல லென்ஸ், மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி ஒன்று, முடிந்தால் ஒரு பை. பழைய உடலும் நல்ல லென்ஸும் சேர்ந்தால், புது உடலும் சுமாரான லென்ஸும் சேர்ந்ததைத் தோற்கடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். 18-55 லென்ஸை முழுதாக நீட்டினால் அதன் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது; எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் துளை பெரிது. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட 9 மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ (ஒளி குறைந்த இடத்தில் படத்தை வெளிச்சமாக்கும் அளவு; கூட்டினால் மணல் தூவியதுபோல் ஆகும்) 3200 வைக்க வேண்டிய அறையில் 400 போதும். இவ்வளவு வேறுபாட்டை எந்தப் புதிய உடலும் தராது.

50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைத்தான் எல்லோரும் பரிந்துரைப்பார்கள், விலையும் குறைவு. ஆனால் ஏபிஎஸ்-சியில் அது 75 அல்லது 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். சிறிய அறையில் முதுகு சுவரில் முட்டிவிடும். வீட்டுக்குள் எடுப்பவர்கள் 35 மி.மீ. எஃப் 1.8 தேடுங்கள். பட்டியலில் பறவைகளே நிறைந்திருந்தால் இது எதுவும் உதவாது; 70-300 மி.மீ. போன்ற நீள ஜூம் லென்ஸ் ஒன்றுக்குப் பணத்தை ஒதுக்குங்கள்.

படி 4: டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா?

டிஎஸ்எல்ஆரின் உள்ளே இருக்கும் கண்ணாடி, லென்ஸ் காட்டுவதைக் கண் வைத்துப் பார்க்கும் இடத்துக்குத் திருப்பிவிடும்; மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டார்கள். அதனால்தான் டிஎஸ்எல்ஆர்கள் பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. லென்ஸை உடலில் பொருத்தும் வளையத்தை மவுண்ட் என்பார்கள்; நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இலிருந்தும், கேனானின் இஎஃப் மவுண்ட் 1987இலிருந்தும் இருக்கின்றன. ஆகவே பழைய லென்ஸ்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றில் மட்டும் கவனம்: நிக்கான் டி3000, டி5000 வரிசை உடல்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸைப் பொருத்தினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அந்த உடல்களுக்கு, தனக்குள்ளேயே மோட்டார் உள்ள, ஏஎஃப்-எஸ் என்று குறித்த லென்ஸாகப் பாருங்கள்.

ஓடும் பிள்ளைகளும் வீடியோவும்தான் உங்கள் தேவை என்றால், கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் வசதியுள்ள மிரர்லெஸ்ஸுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். மற்றவர்களுக்கு டிஎஸ்எல்ஆர் இன்னும் நல்ல பேரம்.

படி 5: கையில் எடுத்துப் பாருங்கள்

சுண்டுவிரலுக்குப் பிடி இருக்கிறதா, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருக்கிறதா? வெயிலில் பின்திரை தெரியாது. வ்யூஃபைண்டர் இல்லாத உடல் எனக்கு வேண்டாம்.

படி 6: பழையது வாங்கினால் இதையெல்லாம் சோதியுங்கள்

சிறிய டார்ச் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். லென்ஸின் ஒரு முனையில் ஒளியைப் பாய்ச்சி மறுமுனையிலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போலவோ வேர் போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாலைந்து தூசி இருந்தால் பாதகமில்லை. முன்கண்ணாடிக் கீறலைவிடப் பின்கண்ணாடிக் கீறல் மோசம்.

அடுத்து எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரில் இருக்கும் தூசி கரும்புள்ளியாகத் தெரியும். ஊதித் தள்ளக்கூடியது தூசி; ஊதிய பிறகும் அதே இடத்தில் நிற்கும் கோடு கீறலாக இருக்கலாம். பிறகு லென்ஸை மூடிவிட்டு, ஷட்டரை (சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் திரையை) சில நொடிகள் திறந்து ஒரு படம். கறுப்பில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் மின்னினால் அவை சென்சாரில் பழுதான பிக்சல்கள்; எத்தனை என்று எண்ணுங்கள்.

ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று கேளுங்கள். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் பலவற்றுக்கு 1 லட்சம் என்று கணக்கு வைப்பார்கள். அதைத் தாண்டி உழைப்பதும் உண்டு, முன்னாலேயே நிற்பதும் உண்டு. நிக்கான் இந்த எண்ணிக்கையைப் படக்கோப்பிலேயே எழுதிவிடும்; விற்பவரிடம் அன்று எடுத்த படம் ஒன்றைத் திருத்தாமல் அனுப்பச் சொன்னால் போதும். பேட்டரி உப்பியிருக்கிறதா, சார்ஜர் அசலா, மெமரி கார்டு மூடி இறுக்கமாக அமர்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்த நாட்களுக்குள் பட்டியலில் உள்ள மிகக் கடினமான படத்தை, அதே அறையில், அதே மங்கிய விளக்கில் எடுத்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடத் தயங்காதீர்கள்.