எழுத உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போகாமல் இருக்க: புதிதாக எழுதுபவர்களுக்கு ஒரு செய்முறை

எழுதத் தொடங்கிய புதிதில் முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் நன்றாகத்தான் போகும். புது நோட்டு, புதுப் பேனா, மண்டை நிறையக் கதை. மூன்றாவது வாரம் ஏதோ ஒரு நாள் விட்டுப்போகும். அப்புறம் நோட்டைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி. அது கண்ணில் படாமலிருக்க அலமாரியில் மற்ற புத்தகங்களுக்கு அடியில் தள்ளிவிடுவோம். பத்துப் பக்கத்தோடு நின்றுபோன நோட்டுகள் என்னிடம் ஆறு இருக்கின்றன.

ஏழாவது நோட்டு கடைசிப் பக்கம் வரை போனது. அப்போது என்ன மாறியது என்று யோசித்துப் பார்த்து எழுதியதுதான் இது. வித்தை எதுவும் இல்லை. அதுவரை மற்றவர்கள் கையில் இருந்தவற்றை வைத்து என் எழுத்தை அளந்துகொண்டிருந்தேன். அந்த அளவுகோலை மாற்றினேன்.

படி 1: எதற்காக எழுதுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

யாருக்கும் காட்டப் போவதில்லை, அதனால் நல்லவராக வேஷம் போட வேண்டாம். "பெயர் வர வேண்டும்" என்றால் அப்படியே எழுதுங்கள். "கூடப் படித்தவன் புத்தகம் போட்டுவிட்டான், நானும் போட வேண்டும்" என்றாலும் சரிதான். முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறியுங்கள்: இது என் கையில் இருக்கிறதா, பிறர் கையில் இருக்கிறதா?

இதழில் வருவது, பாராட்டு, பரிசு, லைக் எல்லாம் பிறர் கையில். "மறந்துபோவதற்குள் அந்த ஊரைப் பற்றி எழுதிவிட வேண்டும்", "பாட்டி பேசுகிற மாதிரியே ஒரு பாத்திரத்தைப் பேச வைக்க வேண்டும்" போன்றவை உங்கள் கையில். இரண்டாம் வகையில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுந்துவிடாதீர்கள், இன்னும் பத்து நிமிடம் யோசியுங்கள். வரும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 1973இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். சில நாள் கழித்து, விருப்பம்போல் விளையாட விட்ட நேரத்தில் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை.

அதற்காகச் சன்மானம் வந்தால் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. வாங்கிக்கொள்ளுங்கள், நானும் வாங்குகிறேன். உட்காரும்போதே அதை நினைத்துக்கொண்டு உட்கார வேண்டாம், அவ்வளவுதான்.

படி 2: ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையின் வாலில் எழுத்தைக் கட்டுங்கள்

"தினமும் எழுதுவேன்" என்ற தீர்மானம் நிற்காது. "பல் துலக்கி முகம் துடைத்ததும் மேசையில் உட்காருவேன்" என்பது நிற்கும். பல் துலக்க யாரும் மறப்பதில்லை.

21 நாளில் எதுவும் பழகிவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற சாதாரணப் பழக்கங்கள் தானாக நடக்கும் நிலைக்கு வர 66 நாள் அளவில் ஆகும் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள் வித்தியாசமோ ஏகத்துக்கு: 18 நாளிலிருந்து 254 நாள் வரை. ஆகவே நாற்பதாவது நாளும் எழுதுவது பாரமாக இருந்தால் உங்களிடம் குறை ஒன்றும் இல்லை.

படி 3: அளவு, சிரிப்பு வரும்படி சின்னதாக இருக்கட்டும்

ஆந்தனி டிரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே விடியற்காலை 5.30க்கு உட்கார்ந்து எழுதியவர். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று கணக்கு வைத்திருந்தார். அப்படியே 47 நாவல் எழுதினார். இந்தக் கதையைப் படித்துவிட்டு நானும் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சொல்லும் சொல் எண்ணிக்கையை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. "எழுதிக்கொண்டிருந்தவர்களிடம்" என்பது நமக்கு ஒரே சொல். அதையே ஆங்கிலத்தில் சொன்னால் நாலைந்து சொல் ஆகிவிடும். அவர்களுடைய ஆயிரம் நம்முடைய அறுநூறு, எழுநூறுக்குள் அடங்கிவிடலாம். இது தெரியாமல், "நாளுக்கு ஆயிரம்" என்று எங்கோ படித்ததை நம்பி, முடியாமல் போய் நொந்துகொண்டவர்களில் நானும் ஒருவன்.

தொடக்கத்துக்கு நாளுக்கு 50 சொல் போதும். ஐந்தாறு வாக்கியம். காய்ச்சலில் கிடந்தாலும் போனில் தட்டிவிடலாம். 50 முடிந்ததும் கை தானாக ஓடினால் ஓடட்டும். ஆனால் நோட்டில் "50 முடிந்தது" என்றே குறியுங்கள். ஒரு நாள் 600 எழுதியதைக் குறித்துவைத்தால் மறுநாள் 50 கேவலமாகத் தெரியும்.

படி 4: வாக்கியத்தின் நடுவில் நிறுத்துங்கள்

அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய வேலையை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே சொல்லியிருக்கிறார். நான் இன்னும் கொஞ்சம் மேலே போய் வாக்கியத்தையே பாதியில் விடுகிறேன். நேற்று நான் விட்ட இடம் இது:

"மழை நின்றதும் அவள் கதவைத் திறந்தாள். வாசலில் கிடந்த செருப்புகளில் ஒன்று"

இன்று காலை உட்கார்ந்ததும் என்ன எழுதுவது என்று யோசிக்கவே இல்லை. அந்தச் செருப்பு என்ன ஆனது என்று சொல்லியாக வேண்டும். வெள்ளைத் தாளைப் பார்த்துத்தான் நமக்குப் பயம். பாதி வாக்கியத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, அதை முடிக்கத்தான் கை துறுதுறுக்கும்.

படி 5: ஒரே ஒரு வாக்கியத்தைத் திருத்துங்கள்

எழுதுவதில் நிறைவு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இங்கே என்றுதான் சொல்வேன். வாரத்தில் ஒரு நாள், புதிதாக எதுவும் எழுதாமல், எழுதியதில் சுமாரான ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையது ஒன்று:

"அப்பா இறந்த பிறகு வீடு மிகவும் வெறுமையாக இருந்தது."

தப்பில்லை. ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். "மிகவும்" என்பதை அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. "வெறுமை"யை அடித்துவிட்டு அதற்குப் பதில் வேறு சொல் தேடினேன்: சூனியம், அமைதி, நிசப்தம். எல்லாம் பழைய சட்டை. பேனாவை வைத்துவிட்டு, அந்த வீட்டில் உண்மையில் நான் என்ன பார்த்தேன் என்று யோசித்தேன். சொல்லைத் தேடியது தப்பு, காட்சியைத் தேடியிருக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்து இப்படி வந்தது:

"காலையில் அம்மா இரண்டு டம்ளர் எடுத்தாள். ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தாள்."

அன்று நான் வேறு எதுவும் எழுதவில்லை. நாள் முழுக்க அந்த டம்ளர் மனதில் இருந்தது. அந்தக் கதை பிறகு வெளிவந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை, உண்மையாகவே சொல்கிறேன்.

இப்படித் திருத்திய வாக்கியங்களைப் பழையது, புதியது என்று இரண்டாகக் கோடு போட்டுத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். மனம் சோர்ந்த நாளில் புரட்டிப் பார்க்க இதைவிட நல்ல நோட்டு கிடையாது. நீங்கள் வளர்ந்திருப்பது உங்கள் கையெழுத்திலேயே தெரியும்.

படி 6: ஒரே ஒரு வாசகர், இரண்டு கேள்வி

எழுதியதைப் பத்துப் பேருக்கு அனுப்பி "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து இவற்றை மட்டும் கேளுங்கள்: எந்த இடத்தில் கண் நின்றது? எந்த இடத்தைத் தாண்டிப் போனீர்கள்? பதிலுக்கு எதிர்வாதம் செய்யாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

இதழ்களுக்கும் அனுப்பலாம். அனுப்பிய தேதியை எழுதிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். என் கதை ஒன்றுக்கு ஓர் இதழிலிருந்து எட்டு மாதம் பதிலே வரவில்லை. அந்த எட்டு மாதமும் அஞ்சல் பெட்டியைப் பார்த்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. வீணாகப் போனது கதை அல்ல, அந்த எட்டு மாதம்தான்.

படி 7: விட்டுப்போன நாளுக்கும் கணக்கு எழுதுங்கள்

எழுதாத நாள் வரத்தான் செய்யும். மேலே சொன்ன லாலியின் ஆய்விலும், ஒரு நாள் தவறுவதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. விட்டதைச் சேர்த்து மறுநாள் 100 சொல் எழுதப் பார்ப்பதுதான் ஆபத்து. கடன் மாதிரி ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நோட்டு மறுபடி அலமாரிக்கு அடியில் போய்விடும்.

தேதியைப் போட்டு நேராக 0 என்று எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம். அடுத்த நாள் அளவு வழக்கம்போல 50தான், பாதியில் நிற்கும் அந்த வாக்கியத்திலிருந்து. என் ஏழாவது நோட்டில் ஒரு பக்கத்தில் நாலு சைபர் வரிசையாக நிற்கின்றன. ஐந்தாவது வரியில் 12 என்று இருக்கிறது.