டயாலிசிஸ் நாட்களில் ஜெபிப்பது எப்படி

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பிறகு வாரத்துக்கு 3 நாள் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறி, ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் மெஷினில் 4 மணி நேரம் படுத்து, துவண்டுபோய் வீடு திரும்புவது என் வாழ்க்கை ஆகிவிட்டது. சபையிலும் வார்டிலும் புதிதாக இந்த நோய்க்குள் வருகிறவர்கள், "அண்ணா, மனசை எப்படித் தேத்திக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுகத்தையும் கேளுங்கள், சமாதானத்தையும் கேளுங்கள். ஆனால் ஒன்று கிடைத்தால்தான் மற்றது என்று முடிச்சுப் போடாதீர்கள். "கிரியாட்டினின் (ரத்தத்தில் சேருகிற கழிவின் அளவு) இறங்கினால்தான் எனக்கு நிம்மதி" என்று உட்கார்ந்தால், ஒவ்வொரு லேப் ரிப்போர்ட்டும் உங்களை உடைத்துப்போடும். அப்போஸ்தலனாகிய பவுல், "மாம்சத்தில் ஒரு முள்" என்று தான் சொன்ன உபாதை நீங்க 3 தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அந்தப் பதிலோடு அவர் ஓடி முடித்தார்.

அடுத்து வைத்தியம். ஏசாயா 38-ஐ எடுத்து வாசியுங்கள். சாகும் வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபிக்கிறார். கர்த்தர் 15 வருஷம் கூட்டித் தருகிறார். அதே அதிகாரத்தில்தான் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா தீர்க்கதரிசி. ஜெபமும் பற்றும் ஒரே வீட்டில், ஒரே படுக்கையில். அதனால் யாராவது "மாத்திரையை நிறுத்து, விசுவாசி" என்றால் கேட்காதீர்கள். உபவாசம் இருக்கச் சொன்னால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள், சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் கட்டாயம் கேளுங்கள். ஜெபித்துக் கொடுக்கிற பாட்டில் தண்ணீரும் டாக்டர் உங்களுக்கு அளந்து சொல்லியிருக்கிற அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேரும். நம் ஊரில் மே, ஜூன் வந்துவிட்டால் போகிற வீட்டிலெல்லாம் செந்தூரா, பங்கனப்பள்ளி மாம்பழங்களை அறுத்து வைப்பார்கள். மாம்பழத்தில் பொட்டாசியம் உண்டு. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். "ஜெபம் பண்ணிட்டு ரெண்டு துண்டு சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று இயேசு சொன்னது இந்த மாதிரி இடத்துக்கும்தான். அன்பாகவே மறுத்துவிடுங்கள்.

இனி மெஷினில் படுக்கிற நேரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயம் அங்கேதான் பிடிக்கிறது. கையில் ஃபிஸ்டுலா (ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்தது) போட்ட இடத்தில் விரல் வைத்தால் விர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். ஊசி இரண்டும் தடிமனானவை. சிஸ்டர் பஞ்சால் துடைக்கும்போதே உடம்பு இறுகிவிடும். அந்த நேரத்தில் நீண்ட ஜெபம் வராது. ஒரே வசனத்தை முன்னமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது சங்கீதம் 56:3. "நான் பயப்படுகிற நாளில்" என்று மூச்சை உள்ளே இழுப்பேன். "உம்மை நம்புவேன்" என்று மெதுவாக விடுவேன். ஊசி உள்ளே போவது மூச்சு விடுகிற பாதியில் இருக்கட்டும், வலி குறைவாகத் தெரியும். பயமே இல்லை என்று தாவீது சொல்லவில்லை, பாருங்கள். பயப்படுகிற நாளில் என்றுதான் சொல்கிறார்.

கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், பிரஷர் இறங்கி கண் இருட்டும். அப்போது வசனமும் வராது. "இயேசுவே" என்றால் போதும். உடனே சிஸ்டரையும் கூப்பிடுங்கள். பொறுத்துக்கொண்டு கிடப்பது விசுவாசத்தின் அடையாளம் கிடையாது.

நடுவில் இருக்கிற நேரம் நீளமானது. அதில் பக்கத்துப் படுக்கைக்காக ஜெபியுங்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு பாய் படுப்பார், மத்தூரிலிருந்து வருகிறவர். மகள் கல்யாணம்தான் அவர் கவலை. அவருக்காக வேண்டிக்கொள்ளும் நேரத்தில் என் நோய் அதன் சரியான அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்களைப் பற்றி. பெரும்பாலோர் தங்கமானவர்கள். ஆனால் "ஏதோ பாவம் மறைஞ்சிருக்கு", "விசுவாசம் போதலை" என்று சொல்கிற ஒருவராவது வருவார். அவர்களோடு வாதாட உங்களுக்குத் தெம்பு இருக்காது. 2 தீமோத்தேயு 4:20-ஐ மட்டும் மனதில் வையுங்கள்: தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்து என்ற ஊரில் விட்டுவந்ததாகப் பவுல் எழுதுகிறார். எத்தனையோ பேரைக் குணமாக்கிய கை பவுலுடையது. துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்களிடம், "பொதுவா ஜெபிக்காதீங்க, வியாழக்கிழமை ஊசி சரியா ஏறணும்னு ஜெபிங்க" என்று கேட்டுவாங்குங்கள். அப்படிக் கேட்டால் அவர்களும் உங்களோடு வியாழக்கிழமைக்குள் வந்துவிடுவார்கள்.

கோபம் வந்தால் கர்த்தரிடமே கொட்டுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்றுதான் சங்கீதம் 13 ஆரம்பிக்கிறது. 88-ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறது. வாய்விட்டு வாசியுங்கள். வீட்டில் இருப்பவர்கள் கேட்டால் கேட்கட்டும், உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தச் சொல்லித்தான் எசேக்கியாவுக்கு முதல் செய்தி வந்தது. பட்டா, பாஸ்புக், கொடுக்கல் வாங்கல் எல்லாம் மனைவிக்கோ பிள்ளைக்கோ தெரிகிற மாதிரி எழுதி வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள். டயாலிசிஸ் அதில் வருகிறது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றிருந்தால் போன் போடுங்கள். பணமும் பகையும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பதுபோல் நோய்கூடக் கெடுப்பதில்லை.

ஜெபிக்கவே முடியாத நாள் வரும். அன்று வீட்டில் யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேளுங்கள். பேரப்பிள்ளை திக்கித் திக்கி வாசித்தாலும் சரி. சங்கீதம் 13-இல் 6 வசனம்தான் இருக்கிறது.